குஞ்சு விட்டால் போதுமா, ஆறு வேண்டாமா?

போன ஞாயிறு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனேன். எண்ணூரில் இருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேரவே மதியம் ஆகிவிட்டது. கரியால் என்ற நீள மூக்கு முதலையின் தொட்டி முன்னால் நின்ற பிள்ளை நகரவே இல்லை. "மாமா, இது வாய் ஏன் இப்படிக் குச்சி மாதிரி இருக்கு?" என்றாள்.

மீனுக்காகத்தான். தண்ணீருக்குள் தலையைப் பக்கவாட்டில் ஒரே வீச்சு, மெல்லிசான வாய் என்பதால் தண்ணீர் தடுக்காது, நூறுக்கு மேல் இருக்கும் அந்த ஊசிப் பற்களில் சிக்கிய மீன் தப்பாது. வளர்ந்த ஆணுக்கு மூக்கு நுனியில் பானை மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், இந்தியில் கடா என்றால் பானை, பெயரும் அதில் இருந்து வந்ததுதான். கரையில் உடம்பைத் தூக்கி நடக்கவும் வளர்ந்த கரியாலால் முடியாது, வயிற்றைத் தேய்த்துத்தான் நகரும்.

1970களில் காட்டில் 200கூட மிச்சம் இல்லை. 1975இல் முதலைத் திட்டம் தொடங்கி, ஆற்றங்கரை முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைச் சில வருடம் வளர்த்து, ஆயிரக்கணக்கில் ஆற்றில் விட்டார்கள். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் 2007இல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று உலகப் பட்டியலில் ஏற்ற வேண்டி வந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே வட இந்தியாவின் சம்பல் ஆற்றில் 100க்கு மேல் செத்து ஒதுங்கின. அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருந்தது. சம்பல் போய்க் கலக்கும் யமுனையின் விஷம் மீன் வழியாக ஏறியிருக்கலாம் என்பதுதான் பலமான சந்தேகம்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கொசஸ்தலை ஆறுதான் கண்ணில் வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது அப்பாவின் வலையை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தோம், விரல் இடுக்கில் கறுப்பு பல நாள் போகவில்லை, வலை கடைசி வரைக்கும் உதவவில்லை. முகத்துவாரத்தில் நாரைகள் இறக்கை ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தன. அந்தச் சமயம் யாராவது ஒரு லாரி மீன்குஞ்சு கொண்டுவந்து ஆற்றில் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கரியாலுக்கும் அதே கதிதான். கோடையில் மணல் திட்டைத் தோண்டி முட்டையிடும், மழைக்கு முன்னால் பொரிக்கும், அப்பன் கரியால் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் கிடக்கும். அந்த மணலை டிராக்டரில் அள்ளிவிட்டால் எங்கே முட்டையிடும்? அப்புறம் வலை. நீள மூக்கு வலைக்கண்ணில் மாட்டினால் மேலே வந்து மூச்சு விட முடியாமல் செத்துப்போகும். வலை போடுகிற குடும்பத்தில் பிறந்த எனக்கு இதைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். முட்டையிடும் இடங்களில் வலை கூடாது, அதை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அரசு மாற்று வழி தர வேண்டும்.

நம் முதலைப் பண்ணைக்காரர்கள் 2008இல் இருந்து சம்பலிலேயே தங்கி கரியால்களைப் பின்தொடர்ந்து ஆராய்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் அவ்வளவு தூரம் போய்ச் செய்கிற வேலை, எனக்குப் பெருமையாக இருக்கிறது. அரசிடம் நான் கேட்பது இதுதான்: இத்தனை குஞ்சு விட்டோம் என்று அறிவிக்கும்போது, அந்த வருடம் எத்தனை மணல் திட்டு அள்ளாமல் தப்பியது என்ற கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.