எலிக்குக் கொடுத்த விட்டமினும் நம்ம பிள்ளைகளும்

"விட்டமின் டி கொடுத்தால் ஆட்டிசம் சரியாகிவிடும், எலியில் நிரூபித்துவிட்டார்கள்" என்ற செய்தி காரைக்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது. நான் இங்கே சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியராக இருக்கிறேன். அதை எனக்கு அனுப்பி, "டீச்சர், உண்மையா?" என்று கேட்கிற அம்மாக்கள் நிறைய. அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஆய்வு நடந்தது உண்மைதான். 2017-ல் வெளியானது, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் இருந்தார்கள். சினையாக இருந்த சுண்டெலிகளுக்கு, வைரஸ் தொற்று வந்ததுபோல் உடம்பை நம்பவைக்கிற ஒரு செயற்கைப் பொருளை ஊசியாகப் போட்டார்கள். பிறந்த குட்டிகள் மற்ற எலிகளோடு சரியாக ஒட்டவில்லை, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தன. அந்த ஊசி போட்ட அதே வேளையில் தாய்க்கு விட்டமின் டியின் செயல்படும் வடிவத்தையும் (உடம்பில் நேரடியாக வேலை செய்வது) கொடுத்தபோது, குட்டிகளிடம் அந்த நடத்தைகள் தென்படவில்லை.

யாருக்கு, எப்போது கொடுத்தார்கள் என்று பாருங்கள். தாய்க்கு. குட்டி வயிற்றில் இருக்கையில். நாலு வயதில் இன்னும் பேச்சு வராத பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு தேடவே இல்லை. அந்த வடிவத்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க முடியாது, வயிற்றுப் பிள்ளையின் எலும்பைப் பாதிக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். நமக்கு வருகிற ஃபார்வர்டில் அந்த வரி மட்டும் இருக்காது.

எலியின் நடத்தையை எப்படி அளக்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று அறை உள்ள பெட்டியில் நடு அறையில் எலியை விடுவார்கள். ஒரு பக்கம் அது அறியாத இன்னொரு எலி, மறுபக்கம் வெறும் கூண்டு. எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறிப்பார்கள். மரத்தூளில் கோலிக்குண்டுகளை வைத்து, எத்தனையைப் புதைக்கிறது என்று எண்ணுவார்கள். மூளை வளர்கிற விதத்தை அறிய இந்தச் சோதனைகள் தேவை, அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் என்னிடம் வருகிற பிள்ளை, கல்யாண வீட்டில் நாதஸ்வரம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு இரண்டாம் கட்டுக்கு ஓடுகிறான். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இருக்கிற பூவை விரலால் தடவியபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அவனை அந்தப் பெட்டிக்குள் அடக்க முடியாது.

மனிதர்களிடம் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் ஆட்டிசத்துக்காகப் பல ஆண்டுகள் பி6 விட்டமினை அதிக அளவில் கொடுக்கச் சொன்னார். 2005-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு, அதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. பி6 அளவு மீறினால் நரம்பே கெடும். 2016-ல் விட்டமின் டி நல்ல பலன் தந்ததாகக் குழந்தைகளிடம் நடந்த ஒரு ஆய்வு வெளியானது. 2019-ல் அதை வெளியிட்ட ஆய்விதழே அதைத் திரும்பப் பெற்றது. முதல் செய்தி ஊரெல்லாம் போனது. இரண்டாவது செய்தி எங்கள் பக்கம் வந்து சேரவே இல்லை.

எனக்குப் பெரிய பயம் 60,000 யூனிட் விட்டமின் டி பாக்கெட்டில்தான். குறைபாடு இருந்தால் டாக்டர் இத்தனை வாரம் என்று கணக்குப் பார்த்து எழுதிக்கொடுப்பது அது. நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தினசரி உச்ச அளவாக அமெரிக்க வல்லுநர்கள் வைத்திருப்பது 3,000 யூனிட். தாங்களாகவே அடிக்கடி கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரும். பேச்சு வராத பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்லாது. அழும், தலையை முட்டும். வீட்டில் அதைப் பார்த்து ஆட்டிசம் கூடிவிட்டது என்று நினைத்து இன்னொரு பாக்கெட்டைப் பிரிப்பார்கள். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அதற்காக விட்டமினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளைப் பணியாரமும் தயிர்சோறும் தவிர வேறெதையும் வாயில் வைக்காத பிள்ளைகள் உண்டு. இப்படிச் சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்ட ஆட்டிசப் பிள்ளைகளுக்கு விட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வந்து நடக்க முடியாமல் போனதும், விட்டமின் ஏ குறைந்து கண் கெட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே குழந்தை மருத்துவரிடம் காட்டி, ரத்தம் பார்த்து, குறைவதைக் கொடுங்கள். அது அந்தக் குறைபாட்டுக்கான வைத்தியம். கர்ப்பிணிகளுக்கு அரசு தருகிற இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையையும் யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இவன் அப்பச்சியும் நாலு வயசுலதேன் பேசுனான்" என்று பிள்ளையின் அப்பாவைக் காட்டி அப்பத்தாமார் ஆறுதல் சொல்வதை நம்பி ஒரு வருஷம் போகும். பிறகு இந்த பாக்கெட்டுகளில் இன்னொரு வருஷம். பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும் (ஆக்குபேஷனல் தெரபி) சின்ன வயதிலேயே தொடங்க வேண்டியவை. 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலைச் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது, அடையாள அட்டை வாங்கலாம். பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் யாருக்காவது எங்கே போய், யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்றால் இன்பாக்ஸில் கேளுங்கள். பிள்ளையின் வயதையும், இப்போது என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.