நாலு வார்த்தை கருத்து, நாலு நாள் வேலை

"வேகம் ஜாஸ்தி, குறை தம்பி."

போன சித்திரையில் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய கருத்து இவ்வளவுதான். பாலிடெக்னிக் படிக்கிறான். பிரவுசரில் ஓடும் ஒரு கேம் செய்திருந்தான். செட்டிநாட்டு வீடு ஒன்றின் முகப்பில் ஒரு பொடியன் ஓடத் தொடங்குவான். நடு முற்றமுள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பின்வாசல் வரை போய்ச் சேர வேண்டும். வழியில் அண்டா, குத்துவிளக்கு, காயப்போட்ட வத்தல் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். பின்னால் ஆச்சி விசிறிக் கட்டையோடு துரத்தி வருவார். காரைக்குடியில் பிறந்தவனுக்குத்தான் இப்படி ஒரு கேம் தோன்றும். லிங்கைத் தொட்டேன். பொடியன் கவண்கல் மாதிரி பறந்தான். முதல் அண்டாவிலேயே மோதி விழுந்தான். ஏழெட்டுத் தடவை முயற்சி செய்துவிட்டு மேலே சொன்ன நாலு வார்த்தையைத் தட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

நாலு நாள் கழித்து மாற்றி அனுப்பினான். என் போனில் அருமையாக ஓடியது. ஆனால் அவன் குரலில் சந்தோஷமே இல்லை. "உங்களுக்குச் சரியா இருக்குண்ணே. எங்க லேப்டாப்புல ஆமை மாதிரி போகுது. ராத்திரி எல்லாம் ஒவ்வொரு எண்ணா மாத்திப் பார்த்தேன், ரெண்டுலயும் ஒண்ணா வரவே மாட்டேங்குது."

அப்புறம்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நிரலைப் பார்த்தேன். படம் ஒருமுறை வரையப்படும்போதெல்லாம் பொடியனை 5 புள்ளி நகர்த்து என்று எழுதியிருந்தான். அவனுடைய பழைய லேப்டாப் திரை நொடிக்கு 60 முறை படம் மாற்றும். என் போன் 120 முறை. பிரவுசர் திரையின் வேகத்துக்குத் தக்கபடிதான் அந்தக் கட்டளையைக் கூப்பிடுகிறது. ஆக அவனிடத்தில் நொடிக்கு 300 புள்ளி ஓடிய பொடியன் என்னிடத்தில் 600 புள்ளி ஓடியிருக்கிறான். குதிப்பது, விழுவது, ஆச்சி துரத்துவது எல்லாமே இரண்டு மடங்கு. போனில் பேட்டரி சேமிப்பைப் போட்டதும் வேகம் பாதியாகியது, அதை அவன் கண் முன்னாலேயே காட்டினேன். மருந்து சின்னதுதான்: போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று பார்த்து, வேகத்தை அந்த நேரத்தால் பெருக்கி நகர்த்த வேண்டும். கால் மணி நேர வேலை.

அவன் நாலு நாளைத் தின்றது நான்தான். நான் கண்டது சரி, பொடியன் வேகமாகத்தான் ஓடினான். ஆனால் கண்டதோடு நிற்காமல் "குறை" என்று வைத்தியமும் சொன்னேன் பாருங்கள், அதுதான் தப்பு. "என் போனில் முதல் அண்டா வருவதற்குள் விரலை எடுக்கவே நேரமில்லை, இன்ன போன், க்ரோமில் திறந்தேன்" என்று எழுதியிருந்தால், "எனக்கு அப்படி இல்லையே" என்று அவனே யோசித்திருப்பான். பணியாரம் எண்ணெய் குடிக்கிறது என்று எங்கள் ஊரில் ஒரு ஆச்சியிடம் சொல்லலாம், அவருக்கு அது போதும். உளுந்து கூடிவிட்டதா, மாவு இளகிவிட்டதா என்று அவர் பார்த்துக்கொள்வார். "உளுந்தைக் குறைங்க ஆச்சி" என்று சொல்லிப் பாருங்கள், கரண்டி பறக்கும்!

இதைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் இருக்கிறது. இப்போது ஊரில் நிறையப் பிள்ளைகள் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்து ஃபிளாஷ் கேம் ஆடினோம், செய்வது எப்படி என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அந்த கேம்களை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கு 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு நின்றுபோனது. இன்று எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரே போதும். செய்து முடித்த அன்றே லிங்கை அனுப்பினால் தேவகோட்டையில் இருக்கும் அத்தை முதல் சிங்கப்பூரில் இருக்கும் மாமா வரை ஆடிவிடலாம். எந்தப் போனில், எந்தத் திரையில், எந்த நெட்டில் ஆடப்போகிறார்கள் என்று செய்தவனுக்குத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அவனிடம் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். மற்றத் திரைகளெல்லாம் நம்மிடம் இருக்கின்றன.

செட்டிநாட்டு வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதற்கு மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். பூவின் முகம் கீழே கண்ணாடியைப் பார்த்துக் கிடக்கும். வேலை முடிகிற வரை போடுபவருக்குத் தெரிவது முதுகுதான். கேம் செய்கிறவன் நிலையும் ஏறத்தாழ இதுதான். எந்த இடத்தில் அண்டா வரும், எப்போது குதிக்க வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். முதல் தடவை பார்க்கிறவன் கண் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது.

ஆத்தங்குடிக் கல் என்றதும் ஞாபகம் வருகிறது. அதே கேமில் வளவுத் தரைக்கு அவன் வரைந்திருந்தது அந்தக் கல்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொரு பூவையும் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். ஒரு வாரம் ஆனதாம். அந்தப் பூக்களுக்கு நடுவில் சிவப்பு மிளகாய் வத்தலைக் காயப்போட்டால் யார் கண்ணுக்குத் தெரியும்? எதில் தடுக்கி விழுந்தேன் என்றே எனக்கு விளங்கவில்லை. இந்த முறை வாயை அடக்கிக்கொண்டு, "வளவில் மூன்று தடவை செத்தேன், மூன்று தடவையும் எதனால் என்று தெரியவில்லை" என்று மட்டும் சொன்னேன். தரையை அழித்துவிடு என்று சொல்லவில்லை. இரண்டு நாளில், வத்தல் காய்கிற இடத்தில் மட்டும் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவைத்தான். மிளகாய் பளிச்சென்று தெரிந்தது. நிஜ வளவிலும் அப்படித்தானே காயப்போடுகிறோம்! எனக்கு இது தோன்றியிருக்காது. நான் வைத்தியம் சொல்லியிருந்தால் ஒரு வார உழைப்பை மங்கலாக்கித் தொலைத்திருப்பான்.

சரி, திட்டாமல் பாராட்டினால் போதுமே என்பீர்கள். எங்கள் சொந்தக்காரர் குழுவில் லிங்க் வந்த அன்று கைதட்டும் படமும் நெருப்புப் படமும் வரிசை கட்டி நின்றன. "சூப்பர்டா", "செம", "வாழ்த்துகள் தம்பி". சொந்தமாகச் செய்த கேம்களைப் போட்டுவைக்கும் இட்ச்.ஐஓ தளத்தில் அவன் கேமை ஏற்றியிருந்தான். பக்கத்தைப் பார்த்தவர்கள் எத்தனை, பிரவுசரில் ஆடியவர்கள் எத்தனை என்று அந்தத் தளம் தனித்தனியாகக் கணக்குக் காட்டும். கைதட்டியவர்களில் பாதிப்பேர் ஆடவே இல்லை. பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்த எண்ணைப் பார்க்கத் தெரியாதா என்ன? பார்க்காமல் சொன்ன சூப்பர், விருந்தில் இலையைப் பிரிக்காமலே சாப்பாடு பிரமாதம் என்பது மாதிரி.

ஆனால் பாராட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. குறிப்பிட்டுச் சொன்ன பாராட்டு ஒரு தகவல். "தூணுக்குப் பின்னால் போகும்போது பொடியன் மேல் நிழல் விழுகிறதே, அது எனக்குப் பிடித்தது" என்று சொன்னால், எதை மாற்றக் கூடாது என்று அவனுக்குத் தெரிகிறது. புதிதாகச் செய்கிறவர்கள் ஒன்றைச் சரிசெய்யப் போய் நன்றாக இருக்கும் இன்னொன்றைக் கெடுத்துவிடுவது வழக்கம். அதனால்தான் நல்லதையும் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். குறையை இரண்டு பாராட்டுக்கு நடுவில் வைத்துக் கொடு என்று அலுவலகப் பயிற்சிகளில் சொல்லித் தருவார்களே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் விவரமானவர்கள். முதல் பாராட்டைக் கேட்டதுமே "ஆனா"-வுக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

"இது அந்த கேமோட காப்பிதானே" என்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோலம் போடக் கற்கிறவள் அம்மா போட்ட கோலத்தைத்தான் முதலில் போடுவாள். 2014 மார்ச்சில் உலகமே தலைகுனிந்து ஆடிய 2048 என்ற எண் புதிர் கேம், கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலியப் பையன் ஒரு வார இறுதியில் செய்தது. அதுவும் அப்போது இருந்த வேறு கேம்களைப் பார்த்துச் செய்ததுதான். நிரலை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்தும் வைத்தான். அதை எடுத்து மாற்றிப் பார்த்துக் கற்றவர்கள் எத்தனையோ பேர். முதல் கேம் காப்பியாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்தவர் நிரலை அப்படியே எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டால் அது வேறு கதை.

இன்னொரு பழக்கமும் எனக்கு வந்திருக்கிறது. பார்ப்பதற்கு முன்னால் "எதைப் பற்றிச் சொல்லட்டும்?" என்று கேட்டுவிடுகிறேன். குதிப்பதை மட்டும் சரிபார்க்கிற கட்டத்தில் இருப்பவனிடம் போய் எழுத்துரு அழகாக இல்லை என்று சொல்லி என்ன பயன்? தட்டு முழுவதும் குறையை அள்ளி வைத்தால் எதைச் சாப்பிடுவது என்றே தெரியாமல் எழுந்து போய்விடுவான். பெரியதாக ஒன்று, போனால் இரண்டு. மீதியை அடுத்த முறை சொல்லலாம், ஓடியா போகப்போகிறது? பிரவுசருக்கே உரிய சில தொல்லைகள் உண்டு, அவை அவன் கைத்திறமைக் குறைவு இல்லை. திரையைத் தொடாத வரை சத்தம் வராது, அது க்ரோம் போன்ற பிரவுசர்கள் போட்ட கட்டுப்பாடு. அம்புக்குறியை அழுத்தினால் பொடியனோடு சேர்ந்து பக்கமே மேலும் கீழும் ஓடும். இதெல்லாம் தெரிந்தவர்கள் "உனக்கு இதுகூடத் தெரியாதா" என்று ஆரம்பிக்காமல் காரணத்தைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

நாங்கள் அடிவாங்கித்தான் கற்றோம் என்பவர்களிடம் எனக்கு வாதம் இல்லை. எத்தனை பேர் அடிவாங்கி விட்டுவிட்டுப் போனார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது.

ஆனால் இந்த வருஷம் நான் பார்த்ததிலேயே சிறந்த கருத்து ஒன்று, யாரும் வாயைத் திறந்து சொல்லாதது. பின் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி பல்லாங்குழி செய்திருந்தாள். பக்கத்துக்கு ஏழு குழி, எதிரில் கம்ப்யூட்டர். எதிர் வீட்டு ஆச்சியிடம் கொடுத்து ஆடச் சொல்லலாம் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: ஆச்சி என்ன செய்தாலும் நீ பேசக் கூடாது. நோட்டில் எழுதிக்கொள், அவ்வளவுதான்.

பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆச்சி முதலில் குழியைத் தொடாமல் விரலைக் குவித்து முத்தை அள்ளப் பார்த்தார். அசையவில்லை. "என்னடா தம்பி, அள்ளவே விடமாட்டேங்குது?" என்று என்னைப் பார்த்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. பிறகு தற்செயலாகத் தட்டினார், முத்துகள் தாமாக விழுந்துகொண்டே போயின. விரலே குழியை மறைத்ததால் எத்தனை விழுந்தது என்று தெரியாமல் போனைத் தள்ளிப் பிடித்து எட்டிப் பார்த்தார். முத்து தீர்ந்து, அடுத்தது வெறுங்குழி. கேம் தானாகவே அதற்கடுத்த குழி முத்தை எடுத்துக் கணக்கில் சேர்த்துவிட்டது. ஆச்சி அதைக் கவனிக்கவே இல்லை. அவர் விரல் அந்த வெறுங்குழியை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தது. அறுபது வருஷப் பழக்கம், துடைத்துவிட்டுத்தானே அடுத்ததை அள்ள வேண்டும்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வந்த கேமில் வெறுங்குழியைத் துடைத்தால்தான் முத்து கைக்கு வந்தது. துடைக்கும்போது மரப்பலகையில் விரல் உரசும் சின்னச் சத்தமும் வைத்திருந்தாள்.

ஆச்சி மறுபடி ஆடினார். அள்ள முடிந்தது, துடைக்க முடிந்தது, ஆனாலும் தோற்றார். போனைத் திருப்பிக் கொடுத்து, "இந்தா, உன் கம்ப்யூட்டர் அழுகுணி ஆட்டம் ஆடுது. என் குழியில நாலு சேர்ந்தா அது என் பசு. அதை எடுத்துக்க அது யாரு?" என்றார். தோற்றவர்கள் சொல்வதுதானே என்று நான் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குச் செய்தி வந்தது: "மாமா, ஆச்சி சொன்னது நெசந்தான். ஆச்சி ஆடுறப்ப பசுவை அவங்கவங்க பக்கத்துக்குச் சரியா பிரிச்சுருக்கேன். கம்ப்யூட்டர் ஆடுறப்ப மட்டும் ரெண்டு பக்கத்துப் பசுவும் அதுக்கே போகுது. காலைல போய் ஆச்சிகிட்ட சொல்லணும்."