புது நெல்லை எந்த வயலில் போடுவது?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மருமகன் போன் பண்ணினான். "மாமா, ஆண்ட்ராய்டு பீட்டா வந்திருக்கு, போடட்டுமா?" பீட்டா என்றால் எல்லோருக்கும் வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கத் தருகிற பதிப்பு. அவனிடம் இருப்பது ஒரே போன். ஜிபேயும் அதில்தான், கல்லூரிக் குறிப்புகளும் அதில்தான். போடாதே என்றேன். ஏன் என்று கேட்டான். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் ஓர் ஆவணியில், வேலை குவிந்து கிடந்த நேரத்தில், டிசைன் மென்பொருளின் பீட்டாவைக் கடைக் கம்ப்யூட்டரிலேயே போட்டேன். நல்ல வேகம், எனக்கும் சந்தோஷம். நான்காம் நாள் சிவகாசி அச்சகத்திலிருந்து அழைப்பு, ஃபைல் திறக்கவில்லை. பீட்டாவில் சேமித்ததை அவர்களிடம் இருந்த பழைய பதிப்பு ஏற்கவில்லை. என்னிடமிருந்த பழைய பதிப்பும் ஏற்கவில்லை. பதினோரு பத்திரிகைகளை இரண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி டைப் செய்தேன். ஊர் ஊராக அழைக்கக் கிளம்ப வேண்டிய ஒரு பெண்ணின் அப்பா, வெறுங்கையோடு கடை வாசலில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

போனிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு பீட்டாவிலிருந்து பாதியில் பழைய பதிப்புக்குத் திரும்பினால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். சில வங்கிச் செயலிகள் பீட்டாவில் திறக்காமலும் போகலாம். உபுண்டு என்கிற கம்ப்யூட்டர் இயங்குதளத்தை வெளியிடுகிறவர்களைப் பாருங்கள். 24.04 பதிப்பு 2024 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. ஆனாலும் 22.04 வைத்திருந்தவர்களுக்கு மேம்படுத்தும் அழைப்பு, ஆகஸ்ட் கடைசியில் 24.04.1 வந்த பிறகுதான். ஸ்டேபிள், அதாவது சோதனை முடிந்த பதிப்பு, வந்த பின்னும் அவர்களே நான்கு மாதம் பொறுக்கிறார்கள்.

அப்பா சொல்வார்: "ஏல, புது நெல்லுன்னா வயலு பூராவும் போடக் கூடாது. மூலைல ஒரு மரக்கா வெதப்பாட்டுல போட்டுப் பாரு." நாம் அம்பை 16 என்று சொல்கிற ஏ.எஸ்.டி. 16, எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட ரகம். ஒரு ரகம் வெளிவரும் முன் விவசாயிகளின் வயல்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். அந்த மூலை வயலை யாரோ கொடுத்ததால்தான் நம் வீட்டுக்கு நல்ல விதை வந்தது.

அதனால் பீட்டாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டு வந்தாலே ஐபோன் செயலிகள் முடங்கின. ஐபோனை இயக்கும் ஐஓஎஸ் 11.2.5, பீட்டா அல்ல, எல்லோர் கையிலும் இருந்த பதிப்பு. 11.2.6 வந்துதான் சரியானது. நம் எழுத்தை நம்மைத் தவிர யார் தட்டிப் பார்ப்பார்கள்? 'கொ'வில் கொம்பும் காலும் 'க'வோடு சேராமல் தனித்தனியே பிரிந்து நிற்பதை, தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் பிழை என்றே அறிய மாட்டார். பீட்டா காலத்தில் நாம் சொல்லாவிட்டால் அது அப்படியே ஸ்டேபிளில் வந்து உட்காரும். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

சரி, மருமகன் வீட்டில் அவன் அக்காவின் பழைய போன் ஒன்று சும்மா கிடக்கிறது. பீட்டா அதற்கும் வருமென்றால் அதில் போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் கொ, ஸ்ரீ, க்ஷ எல்லாம் தட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் முகவரிக் கட்டத்தில் 'விக்கிரமசிங்கபுரம்' என்று முழுசாக அடித்து, பெயர் வெட்டுப்படாமல் நிற்கிறதா என்று பார்த்து, வெட்டுப்பட்டால் படம் பிடித்து அந்தக் கம்பெனிக்கே எழுதச் சொல்லியிருக்கிறேன்.