கதைக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும்

சிறுகதைப் போட்டி விவகாரம் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நடுவர் ஒருவரே நேற்று, "கதை நன்றாக இருக்கிறதா, அதை மட்டும் பாருங்கள். யார் எழுதினால் என்ன?" என்று பதிவு போட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

யார் எழுதினால் என்னவா? நாலு வரி கொடுத்தேன், ஏஐ எழுதிக் கொடுத்தது என்று முதல் பரிசு வாங்கியவரே மேடையில் சொன்னார். ஒளிக்காமல் சொன்னாரே, அவரைத் திட்ட மாட்டேன். அதைக் கேட்ட பிறகும் சால்வை போர்த்தினீர்களே, கோபம் அங்கேதான்.

பரிசு வாங்கியது கஜா புயல் கதை. சாய்ந்த தென்னையைக் கட்டிக்கொண்டு ஒரு கிழவி அழுகிறாள், கடைசிவரை அழுகிறாள். 2018 நவம்பர் 16 விடிந்தபோது பேராவூரணிப் பக்கத்தில் என் அத்தையின் தோப்பும் படுத்துக் கிடந்தது. அத்தை அழவில்லை. அவருக்கும் கொழுந்தனாருக்கும் நடுவில், வேலியோரம் நின்ற மரம் ஒன்றும் விழுந்திருந்தது. நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய். கணக்கெடுக்க ஆள் வந்தபோது அந்த மரத்தை யார் பெயரில் ஏற்றுவது என்று சண்டை. தோப்பே போயிற்று, அந்த ஒரு மரத்துக்காக இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சு இல்லை.

தேங்காய் துருவிக்கொண்டேதான் அத்தை இதையெல்லாம் சொன்னார். அப்புறம், "எழுதுறதுன்னா எழுது, அவுக பேரைப் போட்டுடாத. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா முகத்துல முழிக்கணும்" என்றார். அதைக் கதையாக எழுதினேன். பத்திரிகைக்கு அனுப்புமுன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னார். கதையிலேயே நல்ல வரி அதுதான், எடுத்துவிட்டேன். ஏனென்றால் அத்தை கேட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டும். ஏஐ எந்த அத்தைக்குப் பதில் சொல்லும்?

பொறாமை என்று சிலர் சொல்கிறீர்கள். நான் இந்தப் போட்டிக்குக் கதையே அனுப்பவில்லை.

கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யவில்லையா என்கிறீர்கள். செய்கிறேன். அது என் கதையைத் தட்டச்சு செய்கிறது, அவ்வளவுதான். எழுத வராதவர்களுக்கு ஏஐ உதவட்டுமே என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சந்திப்பிழை பார்க்கட்டும், சரி. கதையையே அது சொல்லுமென்றால் எழுதியவர் யார்?

2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி' படத்தின் முடிவை ஏஐ வைத்து மாற்றி, செத்த நாயகனைப் பிழைக்க வைத்து வெளியிட்டார்கள். இயக்குநரும் நாயகனாக நடித்த தனுஷும் எதிர்த்தார்கள். அன்றைக்கு என்னோடு சேர்ந்து கொதித்தவர்களில் இந்த நடுவரும் ஒருவர். சினிமாக்காரர்களுக்கு ஒரு நியாயம், நம் ஊரில் ராத்திரி கண்விழித்து எழுதுகிறவர்களுக்கு ஒரு நியாயமா? ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏஐ எழுதியதை எழுத்தாளர் கையில் கொடுத்தால் அதை நிறுவனம் சொல்லியாக வேண்டும் என்பது அப்போது வாங்கிய உரிமைகளில் ஒன்று. இங்கே மேடையிலேயே சொல்லியும் உங்கள் காதில் விழவில்லை.

இரண்டாம் பரிசு வாங்கிய பெண்ணை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. நடவுக்குப் போகும் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தார். இதெல்லாம் நடந்தபோது அதே மேடையில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உங்களில் ஒருவர்கூட அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

விழா மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தக் கதைக்குக் கீழே 'ஏஐ எழுதியது' என்று போடுங்கள். முதல் பரிசை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.