எண்ணெய் முதலில், ஃபேஸ்வாஷ் அப்புறம்: ஆனால் எல்லோருக்கும் எல்லா நாளும் வேண்டாம்

அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது இரண்டு கன்னமும் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்திருந்தது. "என்னடி ஆச்சு?" என்று கேட்டேன். "டபுள் கிளென்சிங் பண்றேன் சித்தி. காலையிலயும் ராத்திரியும்" என்றாள். முதலில் எண்ணெயால், பிறகு ஃபேஸ்வாஷால் என்று இரண்டு தடவை முகம் கழுவுவதற்குத்தான் அந்தப் பெயர். அவள் மேக்கப் போடுகிற பெண்ணே இல்லை. "சன்ஸ்கிரீன் என்ன போடற?" என்றேன். "அதெல்லாம் போடறதில்லையே" என்றாள். பிறகு எதைக் கழுவ ஒரு நாளைக்கு நான்கு முறை முகத்தைத் தேய்க்கிறாள்? எனக்கு மனசே ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

எனக்கு இந்த இரட்டைக் கழுவல் மேல் கோபம் இல்லை. பதினோரு வயதிலிருந்து செய்கிறேன், அப்போது அதற்கு இப்படியொரு பெயர் இருப்பது தெரியாது. பரதநாட்டியம் ஆடுவேன். நிகழ்ச்சி முடிந்ததும் அம்மா என்னை உட்காரவைத்து, கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, பஞ்சால் நெற்றியிலிருந்து துடைக்க ஆரம்பிப்பார். பான்கேக் என்கிற மேடை முகப்பூச்சும் கண்மையும் உதட்டுச் சாயமும் கலந்து பஞ்சு கறுத்துக்கொண்டே வரும். நாலைந்து பஞ்சு ஆனபிறகுதான் என் நிறம் தெரியும். அதற்கப்புறம் பயத்தமாவைக் குழைத்துப் பூசி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடுவார். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் சோப்பு மட்டும் போட்டுக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் தலையணை உறையெல்லாம் மையும் பான்கேக்கும். கூத்துக் கலைஞர்களும் கதகளிக் கலைஞர்களும் ஆட்டம் முடிந்து அரிதாரத்தைக் கலைப்பது தேங்காய் எண்ணெயில்தான்.

காரணம் எளிது. எண்ணெயில் கரைகிற பொருள் தண்ணீருக்கு அசையாது. பான்கேக், மை, நீண்டநேரம் நிற்கும் உதட்டுச் சாயம், வியர்வைக்கும் தண்ணீருக்கும் கலையாத சன்ஸ்கிரீன் எல்லாமே அந்த வகை. அமெரிக்காவில் விற்கும் சன்ஸ்கிரீன்களில் தண்ணீரை 40 நிமிடம் தாங்கும், 80 நிமிடம் தாங்கும் என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். அப்படித் தோலோடு ஒட்டி நிற்பதற்கென்றே செய்த பூச்சை எண்ணெய் இளக்கிக் கொடுக்கும். மிச்சமிருக்கும் எண்ணெயையும் வியர்வையையும் ஃபேஸ்வாஷ் எடுத்துவிடும். இரண்டு கழுவல் என்பது இவ்வளவுதான்.

ஜப்பானிய ஒப்பனைக் கலைஞர் ஷு உவெமுரா 1967-இல் கிளென்சிங் ஆயிலைக் கொண்டுவந்தார். கொரிய அழகுப் பொருள்கள் உலகம் முழுக்கப் பரவியபோது இந்த இரட்டைக் கழுவலும் கூடவே பரவியது. அம்மாவின் கிண்ணத்து எண்ணெய்க்கும் இந்தக் கிளென்சிங் ஆயிலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கடையில் வாங்குவதில் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் பொருள் ஒன்று இருக்கும். தண்ணீர் பட்டதும் அது பால்போல வெளுத்து, அழுக்கோடு சேர்ந்து வழிந்துபோகும். தேங்காய் எண்ணெய் அப்படிப் போகாது, முகத்திலேயே தங்கும். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பரு வருகிற முகத்தில் அது துளைகளை அடைத்துவிடலாம். அப்படிப்பட்டவர்கள் அம்மா சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, தேங்காய் எண்ணெயைத் தொடாதீர்கள்.

கிளென்சிங் ஆயில் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறவர்களிடம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஈரமான முகத்தில் பூசியிருப்பார்கள், அல்லது பூசிய உடனே குழாயைத் திறந்து கழுவியிருப்பார்கள். முகமும் கையும் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் மெதுவாகத் தடவ வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. அப்புறம் விரல்களை நனைத்து, எண்ணெய் வெளுக்கும்வரை மறுபடி தடவிவிட்டுக் கழுவ வேண்டும். அந்த வெளுக்கும் கட்டத்தைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

சரி, அக்கா மகள் கதைக்கு வருகிறேன். தோலின் மேலடுக்கில் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது ஒருவகைக் கொழுப்பு. ஈரம் உள்ளே தங்குவதும் வெளியிலிருந்து எரிச்சல் தருவது உள்ளே நுழையாமல் இருப்பதும் அதனால்தான். அளவுக்கு மீறிக் கழுவினால் அழுக்கோடு அதுவும் போய்விடும். அவள் இரண்டாவது கழுவலுக்குக் குளியல் சோப்பையே போட்டிருக்கிறாள். தோல் லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்புக் கட்டி 9, 10 என்று போகும். கழுவியதும் முகம் இழுத்துப் பிடிப்பதைச் சுத்தமாகிவிட்டதற்கு அடையாளம் என்று நினைத்திருக்கிறாள். அது தோல் படும் கஷ்டம்.

என் கருத்து இதுதான். சன்ஸ்கிரீனோ மேக்கப்போ போட்ட நாளில், இரவில் மட்டும், இரண்டு கழுவல். இரண்டாவதற்கு நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷ். ஒன்றும் போடாத நாளில் ஒரு கழுவல் போதும். வண்டியில் வரும்போது படிகிற புழுதிக்கும் வியர்வைக்கும் அதுவே தாராளம். லேசான சன்ஸ்கிரீன் என்றால்கூட நல்ல ஃபேஸ்வாஷே பல நேரம் எடுத்துவிடும். கையில் குறைந்த காசு இருக்கும் பிள்ளைகள் கிளென்சிங் பாம் (கிளென்சிங் ஆயில் மாதிரியேதான், கட்டியாக டப்பாவில் வரும்) வாங்குவதற்கு முன்னால் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். பூசாத ஒன்றைக் கலைக்க ஒரு டப்பா எதற்கு?

அவளிடம் பாமை எடுத்து வைக்கச் சொன்னேன். மூன்று வாரம் வெறும் மென்மையான ஃபேஸ்வாஷும் மாய்ஸ்சரைசரும். சிவப்பு அடங்கிவிட்டது. இப்போது காலையில் சன்ஸ்கிரீன் போடுகிறாள், இரவில் பாமை எடுக்கிறாள். நேற்று ஒரு சந்தேகம் கேட்டாள், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் எண்ணெயைக் கையில் எடுப்பதற்கு முன்பே அதைக் கழற்றிவிட வேண்டும். கண்மையைக் கலைக்கும்போது இமையை மூடிக்கொண்டு, மோதிர விரலால், மேலிருந்து கீழாக.