கிட்டில் விழும் கோடு இதயத்தை அளப்பதில்லை

காரைக்குடி அண்ணன் ஒருவர் மேலே எழுதியதன் சாரம்: இதயப்புழுவுக்கான ரத்தப் பரிசோதனைக் கிட்டில் கோடு அழுத்தமாக விழுந்தால் நாயின் இதயம் கெட்டுவிட்டது, மங்கலாக விழுந்தால் பயமில்லை, எக்ஸ்ரே, எக்கோ (இதயத்தை ஒலியலையால் பார்க்கும் ஸ்கேன்) எல்லாம் வீண்செலவு. தேவகோட்டை, பள்ளத்தூர் ஆட்களும் இதையே பகிர்வதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே.

வளர்ந்த பெண் புழுவின் ஆன்டிஜென் (புழு வெளிவிடும் புரதம்) ரத்தத்தில் இருக்கிறதா என்பதைத்தான் கிட் காட்டும். இதயத்தின் நிலை அதற்குத் தெரியாது. புழுக்கள் பெரும்பாலும் குடியிருப்பதே நுரையீரல் தமனிகளில்தான் (இதயப்புழு என்று பெயர்தான் அப்படி அமைந்துவிட்டது). தமனி தடித்துப்போக, அதற்குள் ரத்தத்தைத் தள்ளும் இதயத்தின் வலது கீழறை பெரிதாகிறது. மார்பு எக்ஸ்ரேயில் இது தெரியும். எக்கோவில் புழுவே சமக்குறி போல இரண்டு சின்ன இணைகோடுகளாகத் தெரியும். நுரையீரல் தமனி அழுத்தத்தையும் கணிக்கலாம். சிப்பிப்பாறை மாதிரி ஓடியாடும் நாய்க்குப் புழு குறைவாக இருந்தாலும் பாதிப்பு கூடலாம். வலது மேலறையையும் பெருஞ்சிரையையும் (இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய குழாய்) புழு அடைத்தால் நாய் திடீரெனச் சுருண்டு விழும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அப்போது கிட்டின் கோட்டை உற்றுப் பார்க்க நேரமிருக்காது.

சந்தேகம் இருந்தால் கிட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படியுங்கள், எதைக் கண்டறிகிறது என்று அதிலேயே இருக்கும். அமெரிக்கன் ஹார்ட்வார்ம் சொசைட்டியின் நாய்களுக்கான வழிகாட்டுதலும் இணையத்தில் இலவசம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள், எக்ஸ்ரேயில் வலது கீழறையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.