ரூல்ஸ் எழுதுறப்பவே வாய தொறக்கணும்

கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன் 2012ல சுப்ரீம் கோர்ட்ல போட்ட ரோடு சேஃப்டி கேஸ் இன்னும் ஓடிட்டிருக்குன்னு எத்தன பேருக்குத் தெரியும்? அதே கேஸ்லதான் 2025 அக்டோபர்ல கோர்ட்டு, நடக்குறவங்களுக்கும் சைக்கிள் மாதிரி மோட்டார் இல்லாத வண்டிங்களுக்கும் ஒவ்வொரு மாநிலமும் ஆறு மாசத்துல ரூல்ஸ் போடணும்னு சொல்லுச்சு. மாநிலங்க இந்த ரூல்ஸ் போடுற அதிகாரத்த 2019லயே மோட்டார் வாகனச் சட்டத்துல 138(1ஏ)னு சேத்தாச்சு, ஆனா ரூல்ஸ எழுத வைக்கவே கோர்ட்டு படி ஏற வேண்டியிருக்கு பாருங்க.

2023ல மட்டும் நாட்டுல ரோட்டுல நடந்துபோய் செத்தவங்க 35,221 பேரு.

சென்னைல பாலிசி இல்லாம இல்ல. 2014லயே மாநகராட்சி, நடக்குறவங்க, சைக்கிள்காரங்களுக்குன்னு தனி பாலிசி போட்டுச்சு, நாட்டுலயே முதல்னு பேரும் வாங்குச்சு, பாண்டி பஜார் அழகாச்சு சந்தோஷம், ஆனா உங்க தெருவுக்கு அது வரலன்னா பாலிசிய காட்டி யார்கிட்டயும் சண்ட போட முடியாது. ரூல்ஸ்னா போடலாம். அதுக்குத்தான் இவ்ளோ கத்துறேன்.

எங்க மெயின் ரோட்டு பிளாட்பாரத்துல ஒரு ஈபி பெட்டி, அத ஒட்டி ஒர்க்‌ஷாப் பைக்குங்க, அடுத்து ஒருத்தர் கார் ஏத்த போட்ட சிமெண்ட் சரிவு. ஐஆர்சி (ரோடு, பிளாட்பாரத்துக்கெல்லாம் தரம் வகுக்குற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) கணக்குப்படி 1.8 மீட்டர் அகலம் தடையில்லாம இருக்கணும், உயரம் 150 மில்லிமீட்டர தாண்டக்கூடாது. இங்க சில இடத்துல முழங்கால் உயரம், வயசானவங்க எப்படிங்க ஏறுவாங்க, பேசாம ரோட்டுல இறங்கிடுறாங்க. பிளஸ் ஒன் பசங்களுக்கு வருஷா வருஷம் சைக்கிள் குடுக்குற கவர்மெண்ட்டு இது (நல்ல திட்டம், குறை சொல்லல), அத ஓட்ட ஒரு ஓரம் குடுக்க வேணாமா?

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், மோட்டார் வாகனச் சட்டத்துல ரூல்ஸ் போடுறதுக்கு முன்னாடி டிராஃப்ட்ட கெசட்டுல (அரசிதழ்) வெளியிட்டே ஆகணும், 212வது பிரிவு. ஆட்சேபணை எழுத டைம் குடுப்பாங்க. கெசட்ட யாரும் படிக்க மாட்டாங்கன்ற தைரியத்துலதான் பாதி ரூல்ஸ் தப்பிச்சுப் போகுது. வண்டிக்காரங்க, கான்ட்ராக்டருங்க சார்பா பேச ஆளு இருக்கு, நடக்குறவனுக்கு சங்கம் ஏது?

அதனால, குடியிருப்போர் சங்கத்துல இருக்கவங்க இந்த ரூல்ஸ்ல என்ன வேணும்னு ஆளுக்கு அரைப் பக்கம் எழுதுங்க, எம்எல்ஏ கிட்டயும் ஒரு காப்பி குடுங்க. "பாதசாரிகள் பாதுகாப்பை உறுதி செய்க"ன்னு மொட்டையா எழுதாதீங்க, அது குப்பைக்குத்தான் போகும். எத்தன மீட்டர் அகலம், பெட்டிய யாரு நகத்தணும், எத்தன நாள்ல, நகத்தலன்னா எந்த ஆபீசர் பொறுப்பு, இத கேளுங்க. எழுதினவங்க கமெண்ட்ல போடுங்க, சேத்து அனுப்பலாம்.